நினைவுக்கல்லுக்கு முந்நூறு மீட்டர் முன்னால்

இப்போது அந்த வேலையை ஒரு வண்டி செய்கிறது. தண்டவாளத்தின் மேல் ஓடிக்கொண்டே உள்ளே எங்கே விரிசல் இருக்கிறது என்று பார்த்துவிடுகிறது. நாங்கள் ஒரு வாரம் நடந்த தூரத்தை அது காலைச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடும். போன மாதம் அது முதல் தடவையாக மதுரைப் பக்கம் வந்தபோது, என் இடத்தில் இப்போது இருக்கும் கவிதா தொலைபேசியில் அழைத்தார்.

"சார், நாங்க இனிமே கண்ணாடிக்குள்ள உக்காந்து போகப்போறோம். நீங்க நடந்ததை எழுதிக் குடுங்க. சங்க மலர்ல போடுறோம்."

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால், முப்பத்து மூன்று வருடமும் ஒரே நீளமான காலைப்பொழுதாகத்தான் நினைவுக்கு வருகிறது. எந்த வருடம், எந்தப் பாதை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பனி விலகாத சோளக்காடு, தூரத்தில் படுத்துக் கிடக்கும் நாகமலை, காலுக்கடியில் ஜல்லிச் சத்தம். அவ்வளவுதான்.

என் வேலையை மீயொலிச் சோதனை என்பார்கள். பாதையில் வேலை செய்கிறவர்கள் 'ஸ்கேன்' என்று சுருக்கிவிட்டார்கள். இரண்டு சின்னச் சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்று தண்டவாளத்தின் மேல் நிற்கும். அதன் அடியில் ஒலியை அனுப்பி வாங்கும் கட்டைகள். கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே காற்று புகுந்தால் ஒலி உள்ளே போகாது. அதனால் ஒரு கேனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே ஒரு சின்னத் திரை. நல்ல தண்டவாளம் என்றால் திரையில் ஒரே இடத்தில் ஒரு கோடு நிமிர்ந்து நிற்கும். அனுப்பிய ஒலி அடிப்பாகம் வரை போய்த் திரும்பிவிட்டது என்று அர்த்தம். நடுவில் விரிசல் இருந்தால் அந்தக் கோடு குறுகும், அதற்கு முன்னால் வேறொரு கோடு முளைக்கும். அதைத்தான் நான் முப்பத்து மூன்று வருடம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டைகள் மாறாத இடைவெளியில் கிடப்பதால் நடையும் அதற்கேற்ப ஆகிவிடும். திருநகரில் கடைக்குப் போகும்போதுகூட நான் அதே அளவில்தான் அடி வைக்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். "உங்ககூட நடந்தா எனக்கு மூச்சு வாங்குது, இல்லைன்னா தூக்கம் வருது" என்பாள். தூக்கம் என்பது உண்மை. அந்த நடையில் ஒரு மயக்கம் உண்டு. கண் திரையில் இருக்கும், கால் தானாகப் போகும், மனசு எங்கேயோ மிதக்கும். வெயில் ஏற ஏறத் தண்டவாளம் இரண்டும் தூரத்தில் தண்ணீராக உருகி ஒன்றாகும். சில நாள் நான் நடக்கிறேனா, பாதை என் பக்கம் வருகிறதா என்றே தெரியாது. ஆனால் கோடு குறுகிய நொடியில் விழித்துக்கொள்வேன். அப்படி விழிக்கத் தெரிவதுதான் இந்த வேலை.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சில வாரம் ரொட்டி தின்றேன். விரிசல் வைத்த தண்டவாளத் துண்டுகளை வரிசையாக வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கண்டுபிடித்தேன். விரிசல் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் அதைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமல்ல என்று ஊருக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

அதைப் புரியவைத்தவர் வரதராஜன் சார். அப்போது அவர் இளம் பொறியாளர். பின்னால் எங்கள் பகுதிக்கே அதிகாரியானார். ஒல்லியான மனிதர். பாதையை நடந்து பார்க்கும் கீமேனிலிருந்து மேலதிகாரி வரை எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். 'ஐயா' போட ஆரம்பித்துவிடுவார். அவர் 'ஐயா' என்று சொல்லிவிட்டால் அன்று பாதை வேலை செய்யும் கேங்கில் யாரும் டீ குடிக்கப் போக மாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், விருதுநகர் போகும் பாதையில் ஒரு தண்டவாளத்தில் பழுது என்று சிவப்புப் பெயிண்டால் குறி போட்டேன். இருபது பேர் வேகாத வெயிலில் அதைக் கழற்றி வேறு போட்டார்கள். கழற்றியதை நான் குறித்த இடத்தில் அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. வெட்டுப்பட்ட முகம் வெள்ளிக்காசு மாதிரி மின்னியது.

"மாப்ளைக்குக் கண்ணு சரியில்லப்பா" என்று கேங்கில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

வரதராஜன் சார் சிரிக்கவில்லை. என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார். "பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். கோடு விழுந்துச்சு."

"தொட்டீங்களா?" கையால் பிடிக்கும் கட்டையை வைத்து மறுபடி சோதித்தீர்களா என்று அர்த்தம்.

"மூணு தடவை சார்."

"எழுதினீங்களா?"

என் குறிப்பேட்டைக் காட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார். பிறகு ரம்பக்காரரிடம், "இன்னும் அரை விரக்கடை தள்ளி அறுங்கய்யா" என்றார். அறுத்தார்கள். கொத்தமல்லி விதையளவில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அவர் என்னைப் பாராட்டவெல்லாம் இல்லை. "அடுத்த தடவை தூரத்தைச் சரியா அளந்து எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி நினைவுக்கல்லுக்கு வருகிறேன்.

மதுரையிலிருந்து போடி போகும் பாதைக்கு ஒரு பழைய கதை உண்டு. உலகப் போர்க் காலத்தில் இரும்பு வேண்டும் என்று அந்தப் பாதையையே கழற்றிக்கொண்டு போனார்கள். போர் முடிந்து சில வருடம் கழித்துத்தான் மறுபடி போட்டார்கள். எங்கள் காலத்தில் குறுகலான மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப்பாதை ஆக்கியபோது, மூன்றாவது தடவையாகத் தண்டவாளம் வந்தது.

அதே போர்க் காலத்தில் இந்தப் பக்கத்து ஆட்கள் பலர் மலேயா ரப்பர்த் தோட்டங்களில் கூலிகளாக இருந்தார்கள். ஜப்பான்காரன் அவர்களை அங்கிருந்து இப்போது தாய்லாந்து எனப்படும் சயாம் நாட்டுக் காட்டுக்குக் கொண்டுபோய் ரயில் பாதை போட வைத்தான். போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். அப்படித் திரும்பாதவர்களின் பிள்ளைகளும் பேரன்மாரும் சேர்ந்து, உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம், பாதையை ஒட்டி ஒரு விவசாயி கொடுத்த ஐந்து சென்ட் இடத்தில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். மரக்கட்டைகள் மேல் இரண்டு பழைய மீட்டர் கேஜ் தண்டவாளத் துண்டுகள். அவை முடியும் இடத்தில் ஆளுயரக் கருங்கல், அதில் பெயர்கள். பாதை நேராக அந்தக் கல்லில் போய் முட்டி நின்றுவிடும். அவ்வளவுதான் அமைப்பு.

கழித்துப்போட்ட தண்டவாளத்தை முறைப்படி வாங்க உதவி கேட்டு வரதராஜன் சாரிடம் வந்தார்கள். வாங்கிக் கொடுத்ததோடு அவர் விடவில்லை. கல் நிற்கும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் கூடவே நின்றார். கல்லின் திறப்பு அவர் ஓய்வு பெறும் மாதத்தில் அமைந்தது.

நினைவுக்கல் கமிட்டியின் செயலாளர் சுந்தரம், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஒரு நாள் அவர், "இங்க கழட்டுன தண்டவாளம்தான் சயாமுக்குப் போச்சுன்னு கல்லுல போட்ருவோம் சார். படிக்கிறவன் நெஞ்சு நடுங்கணும்" என்றார்.

"சயாம் அப்ப எதிரி கையில இருந்துச்சுங்க. இங்க கழட்டுனது அங்க எப்படிப் போகும்? தெரியாததைக் கல்லுல வெட்ட வேணாம். தெரிஞ்சதை மட்டும் வெட்டுங்க" என்றார் சார். சுந்தரம் வாத்தியாருக்கு முகம் சுருங்கியது. ஆனால் விட்டுவிட்டார்.

திறப்பு தை மாதத்தில் ஒரு காலை. முன்னேற்பாட்டுக்குப் போன சிலர் தவிர மற்ற எல்லோரும் மதுரையிலிருந்து வரும் காலை ரயிலிலேயே வருவது என்று முடிவு. உசிலம்பட்டி நிலையத்தில் இறங்கி வேனில் கல்லுக்கு வர வேண்டும். எனக்கு அந்தப் பகுதியில் வழக்கமான சோதனை நாள். விடிந்ததும் கீமேன் ஒச்சுவையும் தண்டவாளத் தொழிலாளி இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு நிலையத்திலிருந்து மதுரைப் பக்கமாக நடக்க ஆரம்பித்தேன். ஒச்சு அந்தப் பகுதியைத் தினமும் நடந்து பார்க்கிறவர். ஒவ்வொரு ஆணியும் அவருக்குத் தெரியும்.

பனி அன்று கெட்டியாக இருந்தது. கல் நிற்கும் இடத்தைத் தாண்டும்போது, மாலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள். வரதராஜன் சார் வெள்ளைச் சட்டையோடு நின்று கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். பிறகு திரையைப் பார்த்தபடி பழைய மயக்கத்துக்குள் போய்விட்டேன். சயாம் காட்டில் மழையில் நின்று கட்டை அடுக்குகிறவர்கள் கண்ணுக்குள் வந்தார்கள். அவர்களும் இதே மாதிரி அடி எண்ணி நடந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

கல்லைத் தாண்டி முந்நூறு மீட்டரில், இரண்டு தண்டவாளத்தை உருக்கி ஒட்டிய ஒரு வெல்டு. அதன் மேல் வண்டி ஏறியபோது கோடு குறுகியது.

"நில்லு."

வண்டியைப் பின்னால் இழுத்து மறுபடி விட்டேன். மறுபடி குறுகியது. வெல்டு என்றால் திரையில் கொஞ்சம் குப்பைக் கோடுகள் தெரியத்தான் செய்யும். குனிந்து துணியால் துடைத்தேன். ஒச்சு தன் சின்ன முகக்கண்ணாடியை அடியில் நீட்டினார். தண்டவாளத்தின் அடிப்பட்டையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அது மேலேறி நடுப்பாகத்தில் பாதி வரை வந்திருந்தது. நகத்தை வைத்தேன். நகம் தட்டியது.

"அண்ணே, வண்டி வர்ற நேரம்" என்றார் ஒச்சு.

எங்கள் விதி எளிது. முதலில் கொடி, பிறகுதான் பேச்சு. "ஓடு" என்றேன். சிவப்புக் கொடியையும் வெடிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஒச்சு மதுரைப் பக்கமாக ஓடினார். பனி அவரை விழுங்கியது. தண்டவாளத்தின் மேல் கட்டிவைக்கும் வட்டவட்டமான வெடிகள் அவை. சக்கரம் ஏறினால் வெடிக்கும், ஓட்டுநர் நிறுத்துவார். அறுநூறு மீட்டரில் ஒன்று, ஆயிரத்து இருநூறு மீட்டரில் மூன்று கட்ட வேண்டும். ஒச்சுவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது.

நிலைய அதிகாரியை அழைத்தேன். ரயில் மதுரைப் பக்கத்து முந்தைய நிலையத்தை விட்டுக் கிளம்பிவிட்டது என்றார். ஓட்டுநரை ஒயர்லெஸ்ஸில் பிடிக்கப் பார்க்கிறேன் என்றார். அவர் பிடிப்பதற்குள் தூரத்தில் சத்தம் கேட்டது. பட், பட், பட். பிறகு பிரேக்கின் நீண்ட முனகல். பிறகு ஒன்றுமே இல்லை. ரயில் நின்றுவிட்டது.

வரதராஜன் சார் கல்லிலிருந்து நடந்தே வந்தார். அதற்குள் பனி கலைந்து வெயில் தண்டவாளத்தின் மேல் விழுந்துவிட்டது. அவர் முழங்கால் போட்டு, வெள்ளை வேட்டி ஜல்லியில் புரள, ஒச்சு விட்டுப்போன கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலைங்களே" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். கோடு இல்லை. குளிரில் சுருங்கியிருந்த இரும்பு வெயிலில் நீண்டு, விரிசலை இறுக மூடிவிட்டது. நகத்தை வைத்தேன், தட்டவில்லை. கையால் பிடிக்கும் கட்டையை வைத்தேன், மூடிய விரிசலில் ஒலி தடையில்லாமல் போய்வர, திரையில் வெல்டின் வழக்கமான குப்பைதான் தெரிந்தது. அரை மணி நேரத்துக்கு முன் நான் பார்த்தது எங்கேயும் இல்லை. நான் பாதிக் கனவில் நடந்து வந்தது எனக்குத்தான் தெரியும். சயாம் காட்டைப் பார்த்த கண்தானே இதையும் பார்த்தது என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. வெறும் வெல்டு குப்பை என்று சொல்லிவிட்டால், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை விட்டுவிடலாம். திறப்பு விழா நேரத்துக்கு நடக்கும். முழு ரயிலை வீணாக நிறுத்தினான் என்ற பேர் மட்டும் எனக்கு மிஞ்சும். நான் பார்த்தது உண்மையாக இருந்து வண்டியை விட்டால், அத்தனை வயசானவர்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

சார் எழுந்து நின்றார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். ஒச்சுவும் பாத்தாரு."

"தொட்டீங்களா?"

"நகம் தட்டுச்சு சார்."

"எழுதினீங்களா?"

ஒச்சு ஓடிய கையோடு எழுதியிருந்தேன். இந்த முறை அவர் வாங்கிப் படிக்கவில்லை. "படிங்க, கேக்குறேன்" என்றார். இடம், நேரம், விரிசலின் நீளம், நகம் தட்டியது எல்லாவற்றையும் உரக்கப் படித்தேன். என் குரல் எனக்கே யாரோ படிப்பது போல் இருந்தது. கேட்டு முடித்துவிட்டு, "அப்ப அது இருக்கு. தகடு போடுங்க" என்றார்.

இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற இரும்புத் தகடுகளை வைத்து, கிளாம்ப் போட்டு முறுக்க வேண்டும். கேங் வந்து சேர்ந்து வேலை ஆரம்பிக்கும் நேரத்தில், பாதையோரமாக மனிதர்கள் நடந்து வருவதைப் பார்த்தேன். ரயில் முக்கால் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. ரயிலின் கார்டு இறங்க வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், கமிட்டிக்காரர்கள் இறங்கிவிட்டார்கள். மாலைகளும் குடைகளும் தூக்குச்சட்டிகளுமாகப் பாதையோரத்துச் சோளத்தட்டைகளுக்கு நடுவே வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்த சுந்தரம் வாத்தியார், "பூசை நேரமே போச்சே, என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார். 

கடைசியாக, கம்பு ஊன்றி ஓர் அம்மாள் வந்தார். எண்பது வயதுக்கு மேலிருக்கும். எழுமலைக்காரர், பெயர் பேச்சியம்மாள். இப்போது மகளோடு மதுரையில் இருக்கிறார். மகள் கையைப் பிடிக்க வந்தால் உதறினார். நேராக எங்களிடம் வந்து நின்றார்.

"எங்க தம்பி ஒடஞ்சிருக்கு?"

வெல்டைக் காட்டினேன்.

"ஒண்ணுந் தெரியலையே."

"மூடிருச்சும்மா. காலைல தெரிஞ்சுச்சு."

கம்பை மகளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து உள்ளங்கையைத் தண்டவாளத்தில் வைத்தார். சுற்றி நின்ற கேங்கையும், கிளாம்ப் முறுக்கியவர்களையும், வேட்டியெல்லாம் கரியாக நின்ற வரதராஜன் சாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஒரு இரும்பு ஒடஞ்சதுக்கு இம்புட்டுப் பேரு ஓடி வந்திருக்கீக" என்றார். "அங்க மனுசரு ஒடஞ்சு விழுந்தப்ப ஒருத்தரும் வரலையாம்."

முறுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். சார்தான் அவரிடம், "நீங்க வேலையைப் பாருங்க" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என்னிடம், "அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. இங்க நான் நிக்கிறேன்" என்றார்.

அந்த முந்நூறு மீட்டரை நானும் அவரும் நடக்க வெகுநேரம் ஆனது. பாதைக்குக் கீழே மண்தடத்தில் நடந்தோம். அவர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தார்.

"நான் தோட்டத்துலதான் பொறந்தேன். எங்கப்பா வேற சீமைக்காரராம், அங்க வச்சுத்தான் எங்காத்தாளக் கட்டுனது. என்னையத் தூக்கிக்கிட்டு எங்காத்தா மட்டுந்தான் கப்பலேறி வந்துச்சு. புருசன் பேரை அது வாய்தொறந்து சொல்லாது. ஒங்கப்பா, ஒங்கப்பாங்கும். மாமன்மாரு கேட்டா, சாமி பேருதான்னு சொல்லும். எந்தச் சாமின்னு சொல்லாது. அப்படியே செத்தும் போச்சு."

"அப்ப, அப்பா பேரு?"

"தெரியாது தம்பி. வாத்தியாரு வந்து கேட்டாரு. தெரிஞ்சாத்தான சொல்ல? பேரு இல்லாதவுகளுக்குக் கல்லுல எடமிருக்காதுன்னு தெரியும். இருந்தாலும் மத்தவுக பேரையாச்சும் பாத்துட்டு வாரேன்னு வந்தேன்."

கல்லின் முன் எல்லோரும் காத்திருந்தார்கள். சூடம் ஏற்றினார்கள். அவரவர் தங்கள் ஆளின் பெயரைத் தேடித் தொட்டுக் கும்பிட்டார்கள். பேச்சியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. "நீ வாசி தம்பி" என்றார். மேலிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன். கருப்பையா. வீரணன். சின்னாத்தாள். பெருமாள். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். கடைசி வரிக்கு வந்தேன். மறுபடி பார்த்துவிட்டு வாசித்தேன்.

"பேச்சியம்மாளின் அப்பா."

அவருக்கு முதலில் புரியவில்லை. "எம் பேரை ஏன் வாசிக்குற?" என்றார்.

சுந்தரம் வாத்தியார்தான் அருகில் வந்து சொன்னார். 'பெயர் தெரியாத ஒருவர்' என்று வெட்டத்தான் அவர் எழுதிக் கொடுத்தாராம். வரதராஜன் சார் அதை நிறுத்தி, பெயர் தெரியாதென்றால் வேறு என்ன தெரியும் என்று கேட்டாராம். பேச்சியம்மாளுக்கு அப்பா என்பது தெரியும் என்றிருக்கிறார் வாத்தியார். அப்ப அதை வெட்டுங்க என்றாராம் சார்.

பேச்சியம்மாள் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். இடமிருந்து வலமாகக் கடைசி எழுத்து வரை தடவிக்கொண்டு போனார். அழவில்லை. "நல்லா ஆழமா வெட்டிருக்காக" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் ரயில் வந்தது. தகடு போட்டு முடித்து, சார் கையால் சைகை காட்டி ரயிலை விட்டிருக்கிறார். அந்த இடத்தில் எப்போதும் வேகமாக, காற்றை அறைந்துகொண்டு போகிற வண்டி, அன்று மனிதன் ஓடுகிற வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து வந்தது. ஒவ்வொரு பெட்டியாக எங்களைக் கடந்தது. சக்கரம் உருளும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. ஜன்னல்களில் முகங்கள், ஒருவர் கல்லைப் பார்த்துவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றினார். கடைசிப் பெட்டி போகும் வரை பேச்சியம்மாள் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"அவுகளச் சரக்கு வண்டில அடைச்சுக் கொண்டுபோனாகளாம். எங்காத்தா என்னைய இடுப்புல வச்சுக்கிட்டுக் கூடவே ஓடுச்சாம். வேகம் பிடிச்சுருச்சாம்" என்றார். பிறகு, "இம்புட்டு மெதுவாப் போயிருந்தா எறங்கி வந்திருப்பாருல்ல?" என்று என்னைக் கேட்டார்.

 "வந்திருப்பாரும்மா" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அந்த வெல்டை வெட்டி எடுத்தார்கள். உள்ளே, அடிப்பட்டையிலிருந்து நடுப்பாகத்தின் பாதி வரை பழைய கறுப்பும் புதிய வெள்ளையுமாக விரிசல் இருந்தது. வரதராஜன் சார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒச்சுவின் தோளைத் தட்டினார். மாதக் கடைசியில் ஓய்வு பெற்றுப் போனார்.

புதிய தண்டவாளத்துண்டு போட்டு வெல்டு வைத்த பிறகு, அதைச் சோதித்துச் சரியென்று நான் எழுதிக் கொடுத்தால்தான் பழைய வேகத்துக்கு வண்டி போகலாம். ஒரு வாரமாக எல்லா ரயிலும் அந்தக் கல்லின் முன் ஊர்ந்துதான் போய்க்கொண்டிருந்தது. சோதித்தேன். கோடு நிமிர்ந்து நின்றது. மறுபடி சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஜல்லியில் உட்கார்ந்திருந்தேன். வேகத்தைக் கூட்டலாம் என்று எழுத அன்றைக்கு மட்டும் கை வரவில்லை.

"என்னண்ணே, நல்லாத்தான இருக்கு?" என்றார் ஒச்சு.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுதினேன்.